துரத்தல் காட்சியைக் கட்டக் கணக்கில் சிக்கவிடாமல் நடத்துவது எப்படி?

ரோல்பிளேயிங் விளையாட்டு ஒன்றில், திருடன் அரச முத்திரையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். அவன் வேகம் 30 அடி. துரத்தும் வீரனின் வேகமும் 30 அடி. திருடன் தன் முறையில் முழுமூச்சாக, அதாவது இரு மடங்காக, 60 அடி ஓடுகிறான். வீரனும் தன் முறையில் 60 அடி ஓடுகிறான். அடுத்த சுற்றிலும் இதே கதை. அதற்கடுத்த சுற்றிலும் இதே கதை. கதைக்குள் இருவர் உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருக்க, மேஜையில் இருப்பவர்களோ விடை மாறாத ஒரு கழித்தல் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ரோல்பிளேயிங் விளையாட்டில் முதன்முறையாக, கதையை நடத்தும் கேம் மாஸ்டர் இருக்கையில் அமர்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. விதிகளைத் தவறாகப் படித்ததால் வரும் சிக்கலில்லை. யாரால் யாரை எட்ட முடியும், எட்டினால் அடிக்க முடியுமா என்று தீர்மானிப்பதற்காகவே சண்டை விதிகள் எழுதப்பட்டன. ஓட்டத்தில் நமக்குத் தெரியவேண்டியது வேறு: இடைவெளி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, அதற்காக யார் எதை இழக்கிறார்கள்? ஆகவே நகர்வு விதிகளை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு அவற்றை எந்த நொடியில் மூடிவைப்பது என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

கீழே வரும் எண்கள் பெரும்பாலும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பின் 2014 விதிகளிலிருந்து வந்தவை. நீங்கள் ஆடுவது வேறு விளையாட்டு என்றால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை பெரிதாக மாறாது.

1. நகர்வின் கணக்கை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒரு சுற்று 6 நொடி. வரைபடத்தில் ஒரு கட்டம் 5 அடி. 30 அடி வேகம் என்றால் ஒரு முறைக்கு ஆறு கட்டம். இது மணிக்கு ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர், அதாவது விறுவிறு நடைதான். ஒரு முறையில் செய்யக்கூடிய முக்கியச் செயலான ஆக்ஷனைச் செலவழித்து டேஷ் (விரைந்தோடுதல்) எடுத்தால் இன்னொரு 30 அடி கிடைக்கும். அதுவும் மணிக்கு 11 கிலோமீட்டர் மெல்லோட்டத்தைத் தாண்டாது. யாராவது இதைச் சுட்டிக்காட்டி, இது நிஜத்துக்குப் பொருந்தவில்லையே என்று வாதாடினால் ஒப்புக்கொண்டு கடந்துவிடுங்கள். கையில் ஆயுதம், உடலில் கவசம், நான்கு பக்கமும் ஆபத்து என்ற நிலையில் ஒருவர் நகர்வதற்கான எண் அது.

மறக்கக்கூடாதவை சிலதான். நகர்வை ஒரே மூச்சில் செலவழிக்க வேண்டியதில்லை. 10 அடி நடந்து, வெட்டி, மீதி 20 அடி விலகலாம். கற்குவியல், சேறு, புதர் போன்ற கடினமான தரையில் ஒவ்வொரு அடிக்கும் கூடுதலாக ஓர் அடி செலவாகும். ஏறுவதற்கும் நீந்துவதற்கும் தவழ்வதற்கும் அப்படியே. விழுந்து கிடப்பவர் எழுந்து நிற்க வேகத்தில் பாதி போய்விடும். நண்பர் நிற்கும் கட்டத்தின் வழியாகப் போகலாம், ஆனால் அது கடினமான தரையாகக் கணக்கிடப்படும்; அங்கேயே நின்றுவிட முடியாது. எதிரி நிற்கும் கட்டத்தைக் கடக்க வேண்டுமானால், அவன் உருவ அளவில் உங்களைவிட இரண்டு படி பெரியவனாகவோ சிறியவனாகவோ இருக்க வேண்டும்.

குறுக்காக நகர்ந்தால் எத்தனை அடி? 5ஆம் பதிப்பின் எளிய முறையில் எல்லாத் திசையும் 5 அடிதான். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ரோல்பிளேயிங் விளையாட்டில் முதல் குறுக்குக் கட்டம் 5, அடுத்தது 10, மீண்டும் 5 என்று மாறி மாறி வரும். ஆட்டம் தொடங்கும் முன்பே இதை முடிவுசெய்துவிடுங்கள். இந்த ஒரு கேள்வி விழுங்கிய மாலைப்பொழுதுகளுக்குக் கணக்கில்லை.

2. தப்பி ஓடுவதன் விலை என்ன என்று பாருங்கள்

புதியவர்கள் அவசரமாகத் தாண்டிப்போகும் பகுதி இது. இதை நிதானமாகப் படித்தால் பாதிச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும்.

எதிரியின் எட்டும் தூரத்திலிருந்து நீங்கள் உங்கள் விருப்பப்படி வெளியேறினால், அவன் தன் எதிர்வினையான ரியாக்ஷனைச் செலவழித்து உங்களை ஒருமுறை தாக்கலாம். இதற்குப் பெயர் ஆப்பர்சூனிட்டி அட்டாக். எட்டும் தூரத்துக்குள்ளேயே அவனைச் சுற்றி வந்தால் இது வராது. வெளியேறும் கணத்தில்தான் வரும். ஒரு சுற்றுக்கு ஒரு ரியாக்ஷன் என்பதால், மூன்று பேர் ஒரே எதிரியிடமிருந்து ஓடினால் அவனால் ஒருவரைத்தான் தாக்க முடியும். ரியாக்ஷன் ஏற்கெனவே செலவான எதிரியைத் தாண்டி ஓடுவதற்கு விலையே இல்லை. இதைக் கவனிக்கும் ஆட்டக்காரர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

டிஸ்எங்கேஜ் என்ற ஆக்ஷன் அந்த அடியைத் தடுக்கும். பெயரைப் பார்த்து, ஓட நினைப்பவர்கள் எல்லாம் இதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். திருடன் டிஸ்எங்கேஜ் செய்து 30 அடி விலகுகிறான். அதே வேகமுள்ள வீரன் 30 அடி நடந்து பக்கத்தில் வந்து, கையில் மிச்சமிருக்கும் ஆக்ஷனால் வெட்டுகிறான். கூடுதல் தாக்குதல் திறன் இருந்தால் இரண்டு முறை. தப்பித்ததாக நினைத்தவனுக்கு முன்பைவிட அதிக அடி.

டேஷ் எடுத்தால்? கிளம்பும்போது ரியாக்ஷனில் ஓர் அடி விழலாம். அதன்பின் அவன் 60 அடி தள்ளிப் போய்விடுகிறான். வீரன் அவனை எட்ட வேண்டுமானால் தானும் டேஷ் எடுக்க வேண்டும். ஆக்ஷன் அதிலேயே தீர்ந்துவிடுவதால் வெட்ட முடியாது. ஆனால் அருகில் வந்து நிற்கிறானே! அடுத்த முறை திருடன் கிளம்பும்போது மறுபடியும் ஒரு ரியாக்ஷன் அடி. ஆகச் சண்டை விதிகளின்படி சம வேகக்காரர்களின் ஓட்டம் என்பது, முன்னால் ஓடுபவன் சுற்றுக்கு ஓர் அடி வாங்கிக்கொண்டே போவதுதான். பின்னால் வருபவனுக்கு எந்தச் செலவும் இல்லை. தன் கதாபாத்திரத்தை ஓடச் சொல்லத் தயங்கும் ஆட்டக்காரர் கோழை அல்ல. இந்தக் கணக்கை உள்ளூர உணர்ந்தவர்.

வில்லாளி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். லாங்போ என்ற நெடுவில்லின் இயல்பான எல்லை 150 அடி, நீண்ட எல்லை 600 அடி. வெட்டவெளியில் சுற்றுக்கு 60 அடி ஓடுபவன் அந்த எல்லையைக் கடக்கப் பத்துச் சுற்று ஆகும். 150 அடிக்கு மேல் வில்லாளி இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும் என்பதுதான் ஒரே ஆறுதல். வெட்டவெளியில் துரத்தல் காட்சி வைக்காதீர்கள். அங்கே நடப்பது அம்பெய்தல் பயிற்சி.

3. வரைபடத்தை எப்போது மடிப்பது?

மூன்றும் ஒன்றாக நடக்கும்போது மடியுங்கள்: ஒரு தரப்புக்குச் சண்டையில் ஆர்வம் போய்விட்டது; மறுதரப்பு விடுவதாக இல்லை; ஓடுபவர் யார் கைக்கும் எட்டாத இடத்துக்குப் போய்விட்டார். மூன்றாவது முக்கியம். சண்டை விதிகளின்படி அந்த முதல் அடியை வாங்கியோ தவிர்த்தோ வெளியேறிய பிறகுதான் துரத்தல் தொடங்க வேண்டும். இல்லையென்றால், ஓடுகிறேன் என்ற ஒரு வார்த்தையே இலவசக் கேடயமாகிவிடும்.

மடிக்கும்போது வெளிப்படையாகச் சொல்லுங்கள்: “இனி கட்டம் எண்ணப் போவதில்லை, துரத்தல் விதிகளுக்கு வருகிறோம். யாரெல்லாம் பின்னால் ஓடுகிறீர்கள்?” இந்தக் கேள்விக்குச் சிலர் இல்லை என்பார்கள். காயம்பட்ட நண்பரோடு தங்குபவர், கூரை மீதேறி வழிமறிக்கப் போகிறவர், மீதமிருக்கும் எதிரிகளைத் தடுத்து நிறுத்துபவர் என்று குழு பிரியும். பிரியட்டும்.

ஓடுபவன் வேகம் மிகக் குறைவு, அல்லது மிக அதிகம் என்றால் துரத்தலே வேண்டாம். சவாரிக் குதிரையின் வேகம் 60 அடி. அதில் ஏறி நெடுஞ்சாலையில் பாய்ந்துவிட்டவனைக் கால்நடையாகத் துரத்துவதற்குப் பகடை எதற்கு? போய்விட்டான் என்று சொல்லிவிட்டு, தடம் தேடும் காட்சிக்குப் போங்கள்.

4. ஓட்டத்துக்கான நிலத்தைத் தயார்செய்யுங்கள்

துல்லியமான வரைபடம் தேவையில்லை. ஐந்தாறு இடங்களின் பட்டியல் போதும். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எது வழிமறிக்கிறது, எது பார்வையை மறைக்கிறது. நெரிசலான சந்தை, ஈரத்துணிகள் தொங்கும் முற்றம், பாதி இடிந்த பாலம், ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய சந்து, ஆட்டுமந்தை, பூட்டிய கதவு. பார்வை மறையாத இடங்களாகவே அடுக்கினால் யாராலும் தப்ப முடியாது. காட்சி பிடிபடுவதில்தான் முடியும் என்று ஆட்டக்காரர்களுக்கு இரண்டாம் சுற்றிலேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு தடைக்கும் குறைந்தது இரண்டு வழியாவது இருக்கட்டும். சுவரைத் தாண்டலாம், அல்லது பக்கத்து வாசலில் நிற்பவரைப் பேசி நகர்த்தலாம். எல்லாத் தடையும் தாவிக் குதிப்பதாகவே இருந்தால், உடல் வலுவில்லாத மந்திரவாதியின் ஆட்டக்காரர் அரை மணி நேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாத்ஃபைண்டர் 2ஆம் பதிப்பின் துரத்தல் முறை இந்த இடத்தில் கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு தடையையும் கடக்கக் குழு மொத்தமாகச் சில புள்ளிகள் சேர்க்க வேண்டும். எனவே ஒவ்வொருவரும் தனக்குக் கைவந்த திறனோடு பங்களிக்க முடியும்.

5. ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து நடத்துங்கள்

5ஆம் பதிப்பின் டஞ்சன் மாஸ்டர் கையேட்டில் துரத்தலுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. பலர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. துரத்தலில் பங்கேற்பவர்கள் ஒருவர் மீது ஒருவர் ஆப்பர்சூனிட்டி அட்டாக் செய்ய முடியாது என்பது முதல் விதி. எல்லோரும் ஒரே திசையில் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள் என்பதுதான் அதன் அடிப்படை. மேலே சொன்ன சுற்றுக்கு ஓர் அடி என்ற தண்டனை அதோடு ஒழிந்தது.

இரண்டாவது, மூச்சு. ஒருவர் 3 உடன் தன் கான்ஸ்டிட்யூஷன் மாடிஃபையரை (உடல் தாங்குதிறனுக்கான கூட்டெண்ணை) கூட்டினால் வரும் எண்ணிக்கையில் டேஷ் எடுக்கலாம். அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு டேஷுக்கும், முறையின் முடிவில் ஒரு கான்ஸ்டிட்யூஷன் சோதனை: பகடையும் மாடிஃபையரும் சேர்ந்து 10ஐ எட்ட வேண்டும். தோற்றால் ஒரு நிலை களைப்பு. மாடிஃபையர் +2 உள்ளவருக்கு ஐந்து டேஷ் இலவசம். ஆறாவதில் 20 முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 65 சதவீத வாய்ப்பு. அதில் தோற்றுக் களைப்பின் முதல் நிலைக்குப் போனால், 2014 விதிகளின்படி திறன் சோதனைகளில் இரண்டு பகடையில் குறைந்ததை எடுக்க வேண்டும். அடுத்த டேஷில் வாய்ப்பு 42 சதவீதத்துக்குச் சரிகிறது. இரண்டாம் நிலையில் வேகமே பாதி. வேகம் சமமாக இருந்தாலும் நுரையீரல் சமமில்லை என்பதை இந்தச் சின்ன விதி எத்தனை அழகாகச் சொல்லிவிடுகிறது! துரத்தலில் வந்த களைப்பு ஒரு குறு ஓய்வில் நீங்கிவிடும் என்பதால் ஆட்டக்காரர்களும் துணிந்து பந்தயம் கட்டுவார்கள்.

மூன்றாவது, இடையூறு. ஒவ்வொருவரும் தன் முறையின் முடிவில் 20 முகப் பகடையை உருட்ட, 1 முதல் 10 வரை விழுந்தால் ஏதோ ஒன்று வழியில் வருகிறது. அது உருட்டியவரைப் பாதிக்காது. அடுத்து முறை வருபவரைப் பாதிக்கும். நாலாவது, மறைதல். சுற்றின் முடிவில் ஓடுபவர் ஸ்டெல்த் (ஒளிந்து நகரும் திறன்) சோதனை செய்கிறார். துரத்துபவர்களில் மிகக் கூர்மையான பார்வை உள்ளவரின் பாஸிவ் பர்செப்ஷனை (பகடை உருட்டாமலே கவனிக்கும் திறனின் எண்ணை) முந்தினால் தப்பிவிடுகிறார். சுற்று முழுவதும் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருந்தால் தானாகவே தோல்வி. நான்காம் படியில் பார்வை மறைவை எழுதிவைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

திகில் கதை ஆடுபவர்களுக்கு கால் ஆஃப் கதுலு 7ஆம் பதிப்பு வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கே அடிக்கணக்கே கிடையாது. இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோலக் கோக்கப்பட்டிருக்கும். எல்லோரும் முதலில் ஒரு கான்ஸ்டிட்யூஷன் பகடை உருட்டி அன்றைய வேகத்தைத் தீர்மானிக்கிறார்கள். தோற்றால் நகர்வு எண்ணில் ஒன்று குறையும், மிகப்பெரிய வெற்றி கிடைத்தால் ஒன்று கூடும். அதன்பின் கூட்டத்திலேயே மெதுவானவருக்குச் சுற்றுக்கு ஒரு நகர்வு. அவரைவிட ஒவ்வோர் எண் வேகத்துக்கும் கூடுதலாக ஒன்று. நகர்வு 7 உள்ள விசாரணையாளரை நகர்வு 9 உள்ள பிசாசு துரத்தினால் அவருக்கு ஒன்று, அதற்கு மூன்று. அந்த இரண்டு எண்களைச் சத்தமாக வாசித்தாலே மேஜையில் முகங்கள் மாறும். ஓடுபவர் எல்லோரையும்விட வேகமானவர் என்றால், துரத்தலை நடத்தாமலே தப்பிவிட்டார் என்று அறிவித்துவிடுகிறது அந்த விதிநூல். மூன்றாம் படியில் குதிரைக்காரனைப் போகவிட்டதும் இதே நியாயத்தில்தான்.

இவை எதுவும் வேண்டாம், இன்று இரவே ஆட ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு என் சொந்த ஏற்பாடு இது. எந்த விதிநூலிலும் இல்லை. இடைவெளிக்கு 0 முதல் 4 வரை ஐந்து நிலை. 0 என்றால் கைக்குச் சிக்கிவிட்டான். 1 என்றால் ஆடையைப் பிடித்து இழுக்கும் நெருக்கம். 2 என்றால் கத்தி எறியும் தூரம். 3 என்றால் திரும்பும்போது முதுகு மட்டும் தெரிகிறது. 4 என்றால் மறைந்துவிட்டான். 2இல் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஓடுபவர் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தமான திறனில் பகடை உருட்டுகிறார். துரத்துபவர் அந்த இடத்தை எப்படிச் சமாளிக்கிறார் என்று சொல்லிவிட்டு உருட்டுகிறார். மூன்று அல்லது அதற்கு மேல் வித்தியாசத்தில் யார் வென்றாலும் இடைவெளி அவர் பக்கம் ஒரு நிலை நகரும். அதற்குக் குறைந்த வித்தியாசம் என்றால் மாற்றமில்லை.

இருவரும் சமதிறன் உள்ளவர்களானால் ஒவ்வொருவருக்கும் சுற்றுக்கு 38 சதவீத வாய்ப்பு. சராசரியாக ஐந்து சுற்றைக் கொஞ்சம் தாண்டினால் முடிவு வந்துவிடும், அதற்கு மேல் நீண்டால் எந்தத் துரத்தலும் சலிப்புதான். பலர் துரத்தினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இடைவெளி வையுங்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடிப் பிடித்தவர் தனியாகத்தான் பிடிக்கிறார் என்பது அப்போது உறைக்கும்.

6. மந்திரமும் சிறப்புத் திறனும் வரும்போது

மிஸ்ட்டி ஸ்டெப் ஒருவரை 30 அடி தள்ளிக் கொண்டுபோய்விடும். எக்ஸ்பெடிஷஸ் ரிட்ரீட் இருந்தால் போனஸ் ஆக்ஷன் என்ற கூடுதல் செயலிலேயே டேஷ் எடுக்கலாம். ரோக் வகுப்புக்கு இரண்டாம் நிலையிலிருந்து அது இயல்பாகவே உண்டு. ஹோல்ட் பர்சன் 60 அடி தூரத்திலேயே ஓட்டத்தை முடித்துவிடக்கூடியது. புதிய கேம் மாஸ்டர்கள் இதைக் கண்டு பதறி, தங்கள் அருமையான துரத்தல் காட்சியைக் காப்பாற்ற ஏதோ காரணம் சொல்லி மந்திரத்தை வீணாக்குகிறார்கள். வேண்டாம். ஆட்டக்காரர் அந்த மந்திரத்தைத் தேர்ந்தெடுத்ததே இந்த நாளுக்காக. அதைச் செலவழித்துவிட்டார், அதற்கான பலன் கிடைக்க வேண்டும். என் ஏற்பாட்டில் பொருத்தமான மந்திரம் அந்தச் சுற்றைப் பகடையின்றி வெல்லும். ஹோல்ட் பர்சன்போல முழுவதுமாக நிறுத்தும் மந்திரத்துக்கு வழக்கமான தடுப்புச் சோதனை உண்டு. தோற்றால் ஓட்டம் முடிந்தது.

நின்று அம்பெய்ய விரும்புபவர் எய்யலாம். ஆனால் நின்றவர் நின்றவர்தான்: அந்தச் சுற்றில் அவருடைய இடைவெளி ஒரு நிலை கூடும். பார்வையை மறைக்கும் இடமென்றால் எய்யவே முடியாது.

7. துரத்தப்படுவது உங்கள் ஆட்டக்காரர்கள் என்றால்

இதுவரை சொன்னதெல்லாம் திருப்பிப் போட்டாலும் பொருந்தும், ஒன்றைத் தவிர. ஆட்டக்காரர்கள் லேசில் ஓட மாட்டார்கள். சண்டை வரைபடம் விரிந்துவிட்டால், ஜெயிக்க முடியும் என்பதால்தான் இது வைக்கப்பட்டிருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். பாதி உயிரோடு இருக்கும்போது ஓடினால் தப்பலாம். ஒருவர் விழுந்த பிறகு நண்பரை விட்டுவிட்டு யாரும் ஓட மாட்டார்கள், மொத்தக் குழுவும் அங்கேயே சாகும். ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சமிக்ஞைகளும் சூசகங்களும் போதாது. “உங்கள் பாத்திரங்களுக்குத் தெரிகிறது, இதை எதிர்த்து நிற்க முடியாது. ஓடினால் துரத்தல் விதிகள், ஆப்பர்சூனிட்டி அட்டாக் கிடையாது” என்று விளையாட்டு மொழியிலேயே சொன்னால் போதும். மூன்றாம் படியில் வைத்த கட்டுப்பாட்டை இங்கே தளர்த்தி, முதல் அடியையும் மன்னித்துவிடலாம். இதை நான் ஏமாற்று வேலையாகக் கருதுவதில்லை.

மயங்கிய நண்பரைத் தூக்கிக்கொண்டு ஓடுபவருக்கு வேகம் பாதி என்றெல்லாம் கணக்குப் பார்த்தால் மறுபடியும் அதே பொறியில் விழுவீர்கள். தூக்குபவரின் பகடையிலிருந்து 2 கழித்துக்கொண்டு ஓடவிடுங்கள். துரத்தும் பிராணிக்கும் ஒரு நோக்கம் வையுங்கள். ஓநாய் தன் எல்லைக்கு வெளியே வராது. கூலிக்குப் பிடித்த காவலன் இருட்டுச் சந்துக்குள் தனியாக நுழைய மாட்டான். கீழே வீசிய பணப்பை சிலரை நிறுத்தும்.

8. முடிந்த பிறகு

கைக்குச் சிக்கியவனைப் பிடித்து நிறுத்தக் கிராப்பிள் விதியைப் பயன்படுத்துங்கள். பிடியில் இருப்பவனுடைய வேகம் பூஜ்யம், அதோடு ஓட்டம் நின்றது. அவன் திரும்பி நின்று வாளை உருவினால் வரைபடத்தை மறுபடியும் விரியுங்கள், ஆனால் பழைய வரைபடம் வேண்டாம். இப்போது எங்கே இருக்கிறார்களோ அந்த இடத்தை வரையுங்கள், முறை வரும் வரிசையான இனிஷியேட்டிவைப் புதிதாக உருட்டுங்கள். பின்தங்கியவர்கள் தங்கள் இடைவெளி எத்தனை நிலையோ அத்தனை சுற்று கழித்து வந்துசேரட்டும். களைப்பு நிலைகளையும் செலவான மந்திரங்களையும் அழித்துவிடாதீர்கள். ஓய்வு எடுக்கும்வரை அவை தாளிலேயே இருக்க வேண்டும்.